குழப்படிப் பிள்ளையும் போர் கண்ட வீடும்

மூன்று, நான்கு வயதில் பிள்ளைகள் அடம்பிடிப்பதும் நிலத்தில் விழுந்து அழுவதும் வழமையானவை. கோபத்தை அடக்கும் திறனும் அதைச் சொல்லும் சொற்களும் அந்த வயதில் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. ஆனால் அடிப்பது, கடிப்பது, பொருட்களை உடைப்பது என்பன வீட்டிலும் முன்பள்ளியிலும் மாதக்கணக்கில் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும். 'குழப்படிப் பிள்ளை' என்று பெயர் சூட்டுவதற்கு முன்னர், அந்தப் பிள்ளையைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்ப்பது அவசியம்.

இத்தகைய நடத்தை வீட்டுக்குள் எப்படி வேர்விடுகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பற்றர்சன் 1982 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். பிள்ளை கைத்தொலைபேசி கேட்கிறது, தாய் மறுக்கிறார். பிள்ளை கத்துகிறது, தாயும் கத்துகிறார், கடைசியில் களைத்துப்போய்க் கொடுத்துவிடுகிறார். கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை பழகுகிறது. கொடுத்தால் சத்தம் அடங்கும் என்று தாய் பழகுகிறார். அடித்து அடக்கினாலும், பலமுள்ளவர் சொல்வதே நடக்கும் என்ற பாடம்தான் பிள்ளைக்குக் கிடைக்கிறது.

எமது மண்ணில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வடக்கு கிழக்கின் 296 தமிழ் மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வில், 82 வீதமானோர் போர் அனுபவம் ஒன்றையேனும் சந்தித்திருந்தனர். குடும்ப வன்முறை அனுபவம் ஒன்றையேனும் கூறியவர்கள் 95 வீதத்திற்கும் அதிகம். தந்தையின் மதுப்பழக்கமும் முந்தைய போர் அனுபவமும் பிள்ளை வீட்டில் சந்தித்த வன்முறையின் அளவோடு தொடர்புபட்டிருந்தன.

இன்றைய முன்பள்ளிப் பிள்ளைகள் செல்லடியைக் கண்டதில்லை. ஆனால் அவர்களின் பெற்றோரில் பலர் 2009 இல் சிறுவர்களாகப் பதுங்குகுழியில் இருந்தவர்கள். நித்திரையின்மை, திடீர்க் கோபம், பேசாமல் ஒதுங்குதல் என அந்த நாட்கள் இன்னும் சில வீடுகளில் தங்கியிருக்கின்றன. இது பெற்றோரின் குற்றமல்ல. அவர்களுக்கும் உதவி தேவை என்பதே இதன் பொருள்.

நம்பிக்கை தரும் செய்தியும் இருக்கிறது. வடபகுதிச் சிறுவர்களிடம் நடத்தப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வு, பெற்றோரின் அன்பான கவனிப்பை உணர்ந்த பிள்ளைகளிடம் போர், சுனாமி அனுபவங்கள் பயமாகவும் மனச்சோர்வாகவும் மாறுவது குறைவு என்று காட்டியது.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. தினமும் பத்து நிமிடமாவது பிள்ளையோடு அதற்குப் பிடித்த விளையாட்டை விளையாடுங்கள். நல்லது செய்யும்போது, எதைச் செய்தது என்று குறிப்பிட்டுப் பாராட்டுங்கள். சில விதிகள் போதும். ஆனால் அம்மாவும் அம்மம்மாவும் ஒரே விதியைச் சொல்ல வேண்டும். கோபம் தலைக்கேறினால் சற்று விலகி நின்று, பிறகு பேசுங்கள்.

தொடர்ந்தும் சிரமமாயின் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் அல்லது வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் பேசலாம். 1926 தேசிய உளநல உதவி இலக்கம். பிள்ளை துன்புறுத்தப்படுவதாக அறிந்தால் 1929 சிறுவர் உதவி இலக்கத்தை அழைக்கலாம்.