இரும்பும் நூலும்

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றிக் காவிரியில் கலக்கும் நொய்யலாற்றின் கரையில், திருப்பூருக்கும் சோமனூருக்கும் அண்மையில் அமைந்துள்ளது சாமளாபுரம். இவ்வட்டாரத்தின் வரலாற்றைச் சொல்வோர் பஞ்சையும் பனியனையும் விசைத்தறியையும் சொல்வர். தறியின் சட்டத்தை வார்த்தவரையும் அதன் தண்டைக் கடைந்தவரையும் சொல்வோர் அரியர். ஆயினும் இவ்வாற்றங்கரையில் இரும்புத் தொழில் ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது.

ஆற்றின் போக்கில் கிழக்கே சென்றால் சென்னிமலைக்கு அண்மையில் உள்ள கொடுமணலை அடையலாம். பதிற்றுப்பத்தில் அரிசில்கிழார் பாடும் கொடுமணம் இவ்வூரே என்பர் ஆய்வாளர். அவர் பாடியது அவ்வூரின் வேலைப்பாடு மிக்க அருங்கலன்களை. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கு நிகழ்த்திய அகழாய்வுகளில் மணிகளோடு இரும்பு உருக்கிய உலையும், மூசைகள் வைத்து எஃகு செய்த உலையும் வெளிப்பட்டன. புலவர் கண்ணுக்கு அணிகலன் தெரிந்தது; உலை மண்ணுக்குள் காத்திருந்தது.

இரும்பைக் கரிப்பொருளோடு மண்மூசையில் இட்டு, வாயை மூடி, நெடுநேரம் காய்ச்சினால் இரும்பு கரியை ஏற்று எஃகாகும். தென்னாட்டார் கையாண்ட இம்முறையின் நுட்பத்தை அறிய விரும்பி, 1820ஆம் ஆண்டையொட்டி இலண்டனில் மைக்கேல் ஃபாரடே இந்திய எஃகை ஆராய்ந்தார். அவ்வாய்வு அங்கே ஏடேறியது. இங்கோ அந்நுட்பம் தந்தை கையிலிருந்து மகன் கைக்குச் சென்றதே அன்றி ஏட்டில் ஏறவில்லை. இறக்குமதி இரும்பின் முன் உலைகள் அணைந்தபோது அறிவும் உடன் அணைந்தது.

பின்னாளில் உலோகத்தை வெட்டிக் கடையும் கலைக்கும் ஏடு வாய்த்தது. அமெரிக்கரான எஃப். டபிள்யூ. டெய்லர், வெட்டும் வேகத்திற்கும் உளியின் ஆயுளுக்கும் உள்ள உறவை 26 ஆண்டுகள் சோதித்து, 1906இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். கைப்பழக்கமாக இருந்தது கணக்காயிற்று.

கொங்கு நாட்டில் இத்தொழில் மறுபிறப்பு எடுத்தது பஞ்சாலையின் வழியாக எனலாம். 1888இல் கோவையில் ஸ்டேன்ஸ் ஆலை எழுந்தது. 1926இல் பி.எஸ்.ஜி. தொழிற்பயிலகம் தோன்றியது. 1932இல் பைக்காரா மின்சாரம் வரவே ஆலைகள் பெருகின. அவற்றின் பழுது பார்க்கப் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் பெருகின. சூலூரை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து 1937இல் மின்மோட்டாரைச் செய்தார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று அது போற்றப்படுகிறது. மெல்லிய எஃகுத் தகடுகளை அச்சில் வெட்டி அடுக்குதல், தண்டைக் கடைதல், கம்பி சுற்றுதல் என அதில் பல தொழில்கள் ஒன்றுகூடின. பாலசுந்தரம் நிறுவிய டெக்ஸ்டூல் நூற்பு இயந்திரங்களைச் செய்தது. 1956இல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமாகிய சிட்ராவும், 1962இல் லட்சுமி இயந்திரத் தொழிற்சாலையும் தோன்றின. சீமையிலிருந்து இயந்திரம் வருவித்த மாவட்டம் தானே இயந்திரம் செய்யும் மாவட்டமாயிற்று.

நிறுவனங்களின் பெயர்களை வரலாறு காத்துக்கொண்டது. தொழிலாளியின் அறிவோ இன்னும் கைகளிலேயே உள்ளது. நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழலும் நூற்புக் கதிரில் சிறிது பிசகினாலும் அதிர்வு மிகும், நூல் அறும். கடைசல் இயந்திரத்தின் ஓசை மாறுவதைக் கொண்டு உளி மழுங்கியதை அறிந்தவர்கள் உண்டு. எஃகைக் கடையும்போது உதிரும் சுருள் நீலம் பாய்ந்திருந்தால் வெப்பம் மிகுந்தது எனக் கண்டவர்கள் உண்டு. கணினி வழிப்பட்ட இயந்திரங்கள் இடம்பிடித்த இந்நாளில் அவர்களுடைய பட்டறைகள் குறைந்துவருகின்றன. கொடுமணல் உலைக்கு நேர்ந்தது இவ்வறிவுக்கும் நேரலாகாது.

இது பொறியாளருக்கு மட்டும் உரிய கவலை அன்று. நூல் என்ற சொல் இழைக்கும் ஏட்டுக்கும் பொது. பதம் என்பது உலோகத்தின் பக்குவம், சொல்லும் பதமே. கவிதையை வார்ப்பதும் வடிப்பதும் கொல்லுலைக்களத்திலிருந்து பெற்ற வழக்குகள். ஈன்ற தாயின் கடனோடும் வேந்தன் கடனோடும் கொல்லன் கடனையும் ஒரே பாட்டில் வைத்தவர் புறநானூற்றுப் பொன்முடியார். அவருக்குப் புலப்பட்ட கொல்லன் இன்று லேத்தின் முன் நிற்கிறான். அவன் வழங்கும் சொற்களையும் கைநுட்பங்களையும் முதியவர்கள் வாழும் காலத்திலேயே கேட்டு எழுதிவைத்தல் நொய்யற்கரைக் கவிஞர்களின் கடமையாகும். அருங்கலனைப் பாடிய மரபு உலையையும் பாடட்டும்.