சமூகத்தை எண்ணப் பழகிய வரலாறு

அமெரிக்காவின் 1880-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைத் தொகுத்து முடிக்க ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பிடித்தன. 1890-இல் ஹெர்மன் ஹாலரித்தின் துளை அட்டை இயந்திரங்கள் வந்தன. வயது, தொழில், பிறந்த நாடு யாவும் அட்டையில் துளைகளாகி மின்சாரத்தால் எண்ணப்பட்டன. சமூக ஆய்வு இயந்திரத்தோடு கைகோத்தது கணினி பிறப்பதற்கு முன்பே.

பின்னாளில் கணக்கீட்டுச் சமூக அறிவியல் என்று பெயர்பெற்ற இவ்வகை ஆய்வுக்கு ஆட்களைப் பழக்குவது எந்தத் துறையின் பொறுப்பு என்பதுதான் நெடுநாள் தீராத சிக்கல். 1962-இல் வாரன் மில்லர் முன்னின்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு ஒரு கூட்டமைப்பை உருவாக்கினார். அது கருத்துக்கணிப்புத் தரவுகளைச் சேர்த்து உறுப்புப் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கியது. அடுத்த ஆண்டு முதல் கோடைக்காலப் பயிற்சியும் நடத்தியது. பட்டத்துக்கு ஓரிடம், கணக்கீட்டுப் பயிற்சிக்கு வேறிடம் என்ற வழக்கம் அப்படித்தான் வலுப்பெற்றது.

எண்ணுவதோடு நில்லாமல் சமூகத்தையே போலச்செய்து பார்க்கும் வழியைத் தாமஸ் ஷெல்லிங் 1971-இல் காட்டினார். கட்டம் போட்ட பலகையில் இருவகைக் குடியிருப்போர். அண்டை வீட்டாரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுமேல் தம் இனத்தவர் இருந்தாலே போதும் என நினைப்பவர்கள். அது கிடைக்காதவர் இடம் மாறுகிறார். சில சுற்றுகளில் ஊரே இனவாரியாகப் பிரிந்துவிடுகிறது. யாரும் விரும்பாத பிரிவினை எல்லோருடைய சிறு விருப்பங்களிலிருந்தும் விளையும் என்று நிறுவிய இந்தச் சோதனை, இத்துறையின் மிகச் சிறந்த பாடமாக இன்றும் நிற்கிறது. 1996-இல் ஜோஷுவா எப்ஸ்டீனும் ராபர்ட் ஆக்ஸ்டெல்லும் கணினிக்குள் ஒரு செயற்கைச் சமூகத்தையே வளர்த்துக் காட்டினர்.

வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் கணக்கீட்டுச் சமூக அறிவியலைத் தனித்துறையாக்கி, முனைவர் பட்டத்தோடு முதுநிலைச் சான்றிதழும் வழங்கியது. முழு முதுகலைப் படிப்பில் சேராமல், சில பாடங்களை மட்டும் முடித்துப் பெறுவது இச்சான்றிதழ். ஏற்கெனவே பணியில் இருப்போருக்கு இதுவே நல்ல வாயில். 2017-இல் மேத்யூ சல்கானிக்கும் கிறிஸ் பெய்லும் பிரின்ஸ்டனில் தொடங்கிய கோடைக்காலப் பயிற்சி பின்னர் பல ஊர்களுக்குப் பரவியது.

2009-இல் டேவிட் லேசர் உள்ளிட்ட 15 பேர் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இத்துறையின் பெயரை நிலைநாட்டியது. இவ்வகை ஆய்வு தனியார் நிறுவனங்களுக்கும் அரசு முகமைகளுக்கும் மட்டுமே உரியதாகிவிடக் கூடும் என்றும் அது எச்சரித்தது. அந்த அச்சம் வீண்போகவில்லை: ஆய்வாளர்களுக்கு இலவசமாகத் திறந்திருந்த ட்விட்டர் தரவு வழி 2023-இல் மூடப்பட்டது, அதை நம்பித் தொடங்கிய ஆய்வுகள் பல பாதியில் நின்றன.