டாபிக்

காணொளித் தேடல் பற்றிப் பேசுவோர் ‘டாபிக் மாடல்’ என்பதைத் ‘தலைப்பு மாதிரி’ என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. தலைப்பு, ஒருவர் எழுதி மேலே வைப்பது. 2003இல் பிளெய், இங், ஜோர்டன் மூவரும் வெளியிட்ட டாபிக் மாடல் முறையிலோ எவரும் எதையும் எழுதி வைப்பதில்லை; சேர்ந்து சேர்ந்து வரும் சொற்களிலிருந்து உள்ளே கிடக்கும் பொருளைக் கணினியே ஊகிக்கிறது. காணொளியில் படத்துணுக்குகளே சொற்கள்: அலையின் நுரை, வலைக்கண், படகின் விளிம்பு. மீன்பிடிக் காட்சி ஒன்றைக் கொடுத்துத் தேடினால், பெயரோ குறிப்போ இல்லாத இன்னொரு மீன்பிடிப் பதிவும் அகப்படும். டாபிக்கின் வேரான ‘டோப்போஸ்’ கிரேக்கத்தில் இடத்தைக் குறிக்கும். வாதத்துக்கு வேண்டியதைத் தேடிப்போகும் இடங்களைப் பற்றியதே அரிஸ்டாட்டிலின் ‘டோபிக்கா’. பிறகுதான் அச்சொல் பேசுபொருளைக் குறிக்கலாயிற்று. இடத்தோடு பொருளையும் சேர்த்துச் சுட்ட நமக்குத் திணை இருக்கிறது. உரையாசிரியர்கள் அதை ஒழுக்கம் என்பார்கள். ஆனால் பாட்டில் சுறா, உப்பு, புன்னை என்று கருப்பொருள்கள் கூடி வந்தாலே நெய்தல் என்று படிப்பவருக்குப் பிடிபட்டுவிடும். ஒரே பதிவில் பல டாபிக்குகள் கலந்திருப்பதற்கும் ‘திணைமயக்கம்’ தயாராக உள்ளது. ‘திணை மாதிரி’ என்றே நான் எழுதப்போகிறேன்.