கஸ்ஸாலியின் பதவித் துறப்பு
இமாம் கஸ்ஸாலி (1058–1111) பாரசீகத்தின் தூஸ் நகரில் பிறந்த மார்க்க அறிஞர். 1091-இல் பக்தாது நிசாமிய்யா மதரசாவின் பேராசிரியரானார். சுமார் 300 மாணவர்கள் அவரிடம் பாடம் கேட்டனர்.

தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, பெயருக்காகவா என்ற கேள்வி அங்கேதான் அவரைப் பிடித்துக்கொண்டது. பெயருக்காகவே என்று தம் தன்வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியுள்ளார். 1095-இல் வகுப்பில் பேச நா எழவில்லை, உணவும் இறங்கவில்லை. குடும்பத்துக்குத் தேவையானதை வைத்துவிட்டு, எஞ்சிய செல்வத்தைப் பகிர்ந்தளித்து, டமாஸ்கஸ் சென்றார்.

அவரை ஆதரித்த அமைச்சர் நிசாமுல் முல்க் 1092-இல் கொல்லப்பட்டதால் எழுந்த அச்சமே காரணம் என்போரும் உண்டு. அச்சம் மட்டும் இருந்திருந்தால் 'இஹ்யா உலூமித்தீன்' பிறந்திருக்காது. 40 பகுதிகள் கொண்ட அந்நூல் அறிவைப் பற்றிய பகுதியுடன் தொடங்குகிறது. ஆணவத்தை ஆராயும் பகுதியிலோ, அந்நோய்க்கான ஏழு காரணங்களில் முதலாவதாகக் கல்வியே வைக்கப்பட்டுள்ளது.