வெள்ளிக்கிழமை ஊழியர், திங்கட்கிழமை கம்பெனி

1999 மார்ச் 9 அன்று பிரிட்டனின் நிதியமைச்சர் கார்டன் பிரவுன் பட்ஜெட் வாசித்தார். அதே நாளில் அந்நாட்டு வரித்துறை ஒரு கட்டு செய்திக் குறிப்புகளையும் வெளியிட்டது. அதில் 35ஆம் எண்ணிட்ட குறிப்பு ஒருவகை ஆளைப் பற்றிப் பேசியது. அவர் வெள்ளிக்கிழமை வேலையை விடுகிறார். திங்கட்கிழமை அதே இடத்துக்கு அதே வேலையைச் செய்யத் திரும்பி வருகிறார். ஒரே வித்தியாசம், இப்போது அவர் ஊழியர் இல்லை, ஒரு லிமிடெட் கம்பெனியின் இயக்குநர். அந்தக் கம்பெனியில் வேலை பார்ப்பதும் அவர் ஒருவர்தான். இப்படிப்பட்டவர்களிடம் இனி ஊழியருக்குரிய வரியை வாங்குவோம் என்றது குறிப்பு. 2000 ஏப்ரலில் சட்டமாக அமலுக்கு வந்த பிறகும் அந்த எண்ணே பெயராக ஒட்டிக்கொண்டது: ஐ.ஆர்.35.

கணக்கு எளிது. ஊழியரை வைத்தால் நிறுவனம் தன் பங்குக்குத் தேசியக் காப்பீட்டுத் தொகை கட்ட வேண்டும். விடுப்பு, நோய்க்காலச் சம்பளம், ஆட்குறைப்பு இழப்பீடு எல்லாம் தர வேண்டும். கம்பெனியாக வருபவருக்கு இன்வாய்ஸுக்குப் பணம் கொடுத்தால் போதும். வருபவரும் தன் கம்பெனியிலிருந்து சின்னச் சம்பளம் எடுத்துக்கொண்டு மீதியை டிவிடெண்டாக எடுப்பார். டிவிடெண்டுக்குக் காப்பீட்டுத் தொகை கிடையாது. இரண்டு பேருக்கும் லாபம், நஷ்டம் கஜானாவுக்கு.

ஆனால் இந்த ஒற்றை ஆள் கம்பெனி வெறும் பேராசையில் பிறந்ததில்லை. ஏஜென்சி மூலம் வேலைக்குப் போகிறவரை வரி விஷயத்தில் ஊழியராகவே நடத்த வேண்டும் என்று 1975இன் நிதிச் சட்டம் சொல்லியிருந்தது. கம்பெனி வழியாக வருபவர் அந்த வலையில் சிக்கமாட்டார். ஆகவே ஏஜென்சிகள், 'கம்பெனி ஆரம்பிச்சுட்டு வாங்க' என்றன. ஒரு வரி விதிக்குப் பயந்து கட்டிய வீட்டின் மேல்தான் அடுத்த வரி விதி வந்து விழுந்தது.

சரி, யார் ஊழியர்? சட்டப் புத்தகத்தில் இதற்கு நேரடி விடை இல்லை. நீதிமன்றங்கள் இன்றும் திரும்பிப் பார்ப்பது 1960களில் ஒரு கான்கிரீட் கம்பெனி நடத்திய வழக்கை. அதன் லாரி ஓட்டுநர் வண்டியைத் தவணையில் தானே வாங்கியவர். ஆனால் வண்டிக்குக் கம்பெனியின் நிறம், அவருக்குக் கம்பெனியின் சீருடை. அந்த வண்டியில் வேறு யாருடைய சரக்கையும் ஏற்ற முடியாது. நீதிபதி மெக்கென்னா மூன்று கேள்விகள் கேட்டார். கூலிக்குத் தன் சொந்த உழைப்பைத் தர ஒப்புக்கொண்டாரா? எப்படிச் செய்வது என்பதை எதிர்த்தரப்பு கட்டுப்படுத்துகிறதா? ஒப்பந்தத்தின் மற்ற அம்சங்கள் வேலை உறவுக்குப் பொருந்துகின்றனவா? சொந்த வண்டி, தேவைப்பட்டால் வேறு ஓட்டுநரை அனுப்பலாம் என்ற சலுகை. இவற்றைப் பார்த்து அவர் ஊழியர் இல்லை என்று தீர்ப்பானது.

ஐ.ஆர்.35 வந்ததும் மென்பொருள்காரர்கள் இந்தத் தீர்ப்பைப் படித்தார்கள். ஒப்பந்தங்களில் 'எனக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பலாம்' என்ற வரி முளைத்தது. ஒப்பந்தத்தைச் சரிபார்த்துத் தருவது தனித் தொழிலானது. விசாரணை வந்தால் செலவைத் தரும் காப்பீடும் விற்றது. ஒப்பந்தக்காரர்கள் 1999லேயே இணையம் வழியாகத் திரண்டு ஒரு சங்கம் அமைத்தார்கள். வழக்குப் போட்டு 2001இல் மேல்முறையீடு வரை போய்த் தோற்றார்கள். ஆனாலும் நடைமுறையில் பெரிதாக எதுவும் மாறவில்லை. காரணம், 'நான் ஊழியரா?' என்ற கேள்விக்கு விடை சொல்லவேண்டியவர் அந்த ஒப்பந்தக்காரரேதான். தவறாகச் சொன்னால் பாக்கியும் அவர் தலையில்தான். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பிடித்து வழக்காட வரித்துறையால் முடியவில்லை. விதி பொருந்துகிறவர்களில் பத்தில் ஒருவர்தான் அதைச் சரியாகக் கடைப்பிடிக்கிறார் என்று பிற்பாடு அந்தத் துறையே மதிப்பிட்டது.

மாட்டிக்கொண்டவர்களின் கதை வேறு. பி.பி.சி. தொகுப்பாளர் கிறிஸ்டா அக்ராய்ட் 2018இல் தோற்றபோது கேட்கப்பட்ட தொகை 4,19,151 பவுண்டு. கம்பெனி வழியாக வரும்படி அவரை ஊக்குவித்ததே பி.பி.சி.தான் என்று தீர்ப்பாயம் குறித்துக்கொண்டது. பில் மட்டும் அவருக்கு.

2017 ஏப்ரலில் அரசு ஒரு சின்ன மாற்றம் செய்தது. கேள்வி அதேதான். பொதுத்துறையில் இனி விடை சொல்லவேண்டியவர் கிளையண்ட். தவறினால் பணம் கட்டவேண்டியதும் அந்தப் பக்கம்தான். உதவிக்கு வரித்துறை இணையத்தில் ஒரு மென்கருவியைக் கொடுத்தது. கேள்விகளுக்கு விடையளித்தால் 'ஊழியர்', 'ஊழியர் இல்லை' என்று சொல்லும். 'தீர்மானிக்க இயலவில்லை' என்ற மூன்றாவது விடையும் அதில் உண்டு. ட்ரூ, ஃபால்ஸ் மட்டும் தெரிந்த என் போன்றவர்களுக்கு அந்த மூன்றாவது விடைதான் இந்தச் சட்டத்தின் நேர்மையான வரி.

2021 ஏப்ரல் 6 முதல் இந்த மாற்றம் நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்களுக்கும் வந்தது. ஒரு வருடம் முன்பே வந்திருக்க வேண்டியது, கொரோனாவால் தள்ளிப்போனது. ஒவ்வொருவரையும் நியாயமான கவனத்தோடு தனித்தனியாக மதிப்பிட வேண்டும் என்றது சட்டம். லாயிட்ஸ், பார்க்லேஸ், எச்.எஸ்.பி.சி. போன்ற வங்கிகள் மதிப்பிடும் வேலையையே தவிர்த்தன. சொந்தக் கம்பெனி வழியாக யாரும் வர வேண்டாம் என்று முடிவெடுத்தன. இருபது வருடம் ஒப்பந்தக்காரர் தன் பயத்தை வைத்து விடை சொன்னார். இப்போது கிளையண்ட் தன் பயத்தை வைத்துச் சொன்னது.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. விதியைச் சரியாகப் பின்பற்றாததற்காக வேலை மற்றும் ஓய்வூதியத் துறை மட்டும் 8.79 கோடி பவுண்டு கட்ட நேர்ந்தது. 2020-21இல் மத்திய அரசு அமைப்புகளின் மொத்தப் பாக்கி 26.3 கோடி பவுண்டு என்று தேசியத் தணிக்கை அலுவலகம் சொன்னது. சட்டம் போட்ட அரசுக்கே அதன் கேள்விக்கு விடை தெரியவில்லை. 2022 செப்டம்பர் 23 அன்று நிதியமைச்சர் குவாசி குவார்ட்டெங் இரண்டு மாற்றங்களையும் ரத்து செய்வதாக அறிவித்தார். அக்டோபர் 17 அன்று அடுத்த நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் அந்த ரத்தை ரத்து செய்தார். 24 நாள்.

வங்கிகள் கதவை மூடியதும் ஒப்பந்தக்காரர்கள் பலர் போய்ச் சேர்ந்த இடத்துக்குப் பெயர் அம்பரெல்லா கம்பெனி. அது உங்களை ஊழியராக வைத்துக்கொண்டு கிளையண்டிடம் அனுப்பும். சம்பளச் சீட்டைப் பார்த்தால் புரியும். கிளையண்ட் தரும் தொகையிலிருந்து முதலில் முதலாளி கட்டவேண்டிய காப்பீட்டுத் தொகை கழியும், பிறகு அம்பரெல்லாவின் கட்டணம், பிறகு ஊழியரின் வரியும் காப்பீடும். இரண்டு பக்கத் தொகையும் ஒரே பையிலிருந்து. இதையும் வேண்டாமென்று சொந்தக் கம்பெனியோடே 'ஊழியருக்குச் சமம்' என்ற தீர்மானத்தை ஏற்றவர் நிலை இன்னும் விசித்திரம். வரி கட்டும்போது ஊழியர், விடுப்பு கேட்டால் இல்லை.

இதைவிட மோசமான குடைகளும் இருந்தன. சம்பளத்தைத் திருப்பித் தரவேண்டாத 'கடன்' என்று காட்டும் திட்டங்களை, சட்டபூர்வமானது என்று சொல்லி விற்றார்கள். ஐ.ஆர்.35க்குப் பயந்த பலர் வாங்கினார்கள். 2017இல் வந்த சட்டம், 2019 ஏப்ரல் 5 அன்று நிலுவையில் இருந்த அப்படிப்பட்ட கடன்கள் அனைத்துக்கும் ஒரே மூச்சில் வரி போட்டது. முதலில் 1999 வரை பின்னோக்கிப் போனது, எதிர்ப்புக்குப் பிறகு 2010 டிசம்பரோடு நின்றது. பில் போனது விற்றவர்களுக்கு இல்லை, வாங்கியவர்களுக்கு. இதனோடு தொடர்புடைய பத்து தற்கொலைகளை வரித்துறையே உறுதிப்படுத்தியிருக்கிறது.

2024 பட்ஜெட்டில் அடுத்த அறிவிப்பு வந்தது. 2026 ஏப்ரல் முதல், அம்பரெல்லா வரி கட்டாமல் போனால் பொறுப்பு ஏஜென்சிக்கு. 1975இல் 'கம்பெனி ஆரம்பிச்சுட்டு வாங்க' என்று ஆளை அனுப்பிவைத்த அதே ஏஜென்சிகளிடம் விஷயம் சுற்றி வந்திருக்கிறது. அவர்களும் பயத்தை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். இத்தனை வருடத்தில் விடை சொல்லும் பொறுப்பு கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஊழியருக்கான வரியைக் கட்டுகிறவருக்கு ஊழியரின் உரிமையும் உண்டு என்று ஒரு வரி எழுதியிருந்தால் பாதிச் சண்டை இருந்திருக்காது. எந்த பட்ஜெட்டிலும் அந்த வரி வரவில்லை.