இரண்டு சைக்கிள்கள்

தமிழ் சினிமாவில் காதலர்கள் வெகு காலம் நந்தவனத்திலேயே குடியிருந்தார்கள். ஸ்டூடியோவுக்குள் துணியாலும் அட்டையாலும் காகிதப் பூவாலும் எழுப்பிய நந்தவனம். மேலே தவறாமல் ஒரு சந்திரன். 1955-ல் வந்த 'மிஸ்ஸியம்மா'வில்கூட, ஏ. எம். ராஜாவும் பி. லீலாவும் பாடிய பாட்டில், ஒருவர்மேல் ஒருவர் புகார் சொல்வதற்குச் சந்திரனைத்தான் கூப்பிட்டார்கள். அருமையான பாட்டு, அதைக் குறை சொல்கிறவருக்குக் காதில் ஏதோ கோளாறு என்பது என் அபிப்பிராயம். ஆனால் நாலே வருஷத்தில் அதே ராஜாவின் குரல் சந்திரனை விட்டுவிட்டு, சைக்கிள் ஏறி, பட்டப்பகலில் வீதிக்கு வந்து சேர்ந்தது.

'கல்யாணப் பரிசு' 1959 ஏப்ரலில் வெளியாயிற்று. அதுவரை கதை வசனம் எழுதிக்கொண்டிருந்த ஸ்ரீதருக்கு டைரக்டர் என்ற முறையில் அதுவே முதல் படம். காமிரா வின்சென்ட். பாட்டுக்கள் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். பாடகர் ராஜாவே இசையமைப்பையும் ஏற்றுக்கொண்டார். அந்தப் படத்தில் ஜெமினி கணேசனும் சரோஜாதேவியும் ஆளுக்கொரு சைக்கிளில் போய்க்கொண்டே பாடும் பாட்டு ஒன்று உண்டு. 'வாடிக்கை' என்று ஆரம்பிக்கும். இதிலும் விஷயம் புகார்தான். ஆனால் நடுவே மத்தியஸ்தர் யாரும் இல்லை. அவன் நேராக அவளிடமே குறைப்பட்டுக்கொள்கிறான். அவளும் நேராகவே பதில் கொடுக்கிறாள்.

ஆளுக்கொரு சைக்கிள் என்பதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். அவள் பின்னால் உட்கார்ந்து வரவில்லை, தானே மிதிக்கிறாள். சென்னைக்கு அருகே அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை ஏற்பட்டது 1950-களின் தொடக்கத்தில்தான். அதற்கு முன்னால் சைக்கிள் என்றால் பெரும்பாலும் சீமைச் சரக்கு. குமாஸ்தாவும் பள்ளிக்கூட வாத்தியாரும் பார்த்துப் பார்த்து வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தோறும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கிற சொத்து. அதில் ஒரு பெண் ஏறிவிட்டால் தெருவே திரும்பிப் பார்த்த காலம். படம் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தார் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அப்போதுகூட அது பெரிய செய்தியாக இருந்தது என்றால், 1959-ல் ஒரு கதாநாயகி சிரித்துக்கொண்டே பெடலை மிதித்தது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

பாட்டின் முதல் வார்த்தைக்கு வருகிறேன். வாடிக்கை என்பது காதலுக்கு என்று ஏற்பட்ட வார்த்தை அல்ல. மோர்க்காரி வாடிக்கை, மளிகைக் கடை வாடிக்கை என்று வீட்டுத் திண்ணையில் புழங்குகிற வார்த்தை. வேறு கவிஞராயிருந்தால் வசந்தத்தையோ தென்றலையோ தேடிப் போயிருப்பார். பட்டுக்கோட்டையார் வயல் வேலையிலிருந்து மாம்பழ வியாபாரம் வரை பல தொழில் பார்த்தவர் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்வார்கள். சந்தையில் புழங்கிய வாய்க்குத்தான் அந்த வார்த்தை கிடைக்கும். தினமும் நடக்கிற ஒன்று இன்றைக்கு நடக்கவில்லையே என்கிற செல்லக் கோபம் அந்த ஒரே சொல்லில் வந்துவிடுகிறது. இவர்கள் நாள்தோறும் சந்திக்கிறவர்கள், நாளைக்கும் சந்திக்கப் போகிறவர்கள் என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது. பாட்டில் இருக்கிற சந்தோஷம் முழுவதும் அந்த நாளைக்கு என்பதில்தான் இருக்கிறது.

ராஜாவின் குரல் உரக்கப் பேசத் தெரியாத குரல். பக்கத்துச் சைக்கிளுக்கு எட்டினால் போதும் என்கிற அளவுக்குத்தான் அது ஒலிக்கும். சுசீலாவும் அதற்கு மேல் ஒரு இழைகூட உயர்த்திப் பாடவில்லை. மெட்டும் மேட்டில் ஏறித் திணறாமல், சமதரையில் உருளுகிற சக்கரம் மாதிரி, சாவகாசமாகப் போகிறது. சங்கீத வித்துவான்கள் இதில் ஆராய்ச்சிக்கு இடம் இல்லை என்று சொன்னால் சொல்லட்டும். கேட்கிறவர்களுக்குக் கால் தானாக ஆடுகிறது.

இனிக் கதை. கதை எழுதுகிறவனாகையால் எனக்கு இந்தப் பாட்டு வைக்கப்பட்ட இடத்தில்தான் அதிகக் கவனம். பின்னால் வசந்தியின் அக்கா கீதா, தையல் தைத்துக் குடும்பத்தைத் தாங்குகிறவள், தங்கையின் காதல் தெரியாமல் அதே பாஸ்கரிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள். அக்காவுக்காக வசந்தி விட்டுக் கொடுக்கிறாள்; அவனையும் சம்மதிக்க வைக்கிறாள். தியாகக் கதைகள் நம்மிடம் மலிவு. விட்டுக் கொடுக்கப்படுவது இன்னது என்று காட்டாமலே அழச் சொல்கிற படங்களும் உண்டு. அங்கே எனக்குக் கண்ணீர் வருவதில்லை. ஸ்ரீதர் கெட்டிக்காரர். பறிபோகப் போவதை முன்னாலேயே, வெயில் அடிக்கிற சாலையில், சைக்கிள் மணியோடு காட்டிவிட்டார். அவர்கள் இழந்தது அமர காதலோ காவியமோ அல்ல. தினமும் கூடவே போகும் ஒரு வழித்துணை.

இந்தக் கதையை ஸ்ரீதரே ஹிந்தியில் 'நஜ்ரானா' என்று 1961-ல் எடுத்தார். ராஜ்கபூர், வைஜயந்திமாலா என்று பெரிய பெயர்களெல்லாம் உண்டு. பட்டுக்கோட்டையார் அதைப் பார்க்க இல்லை. 'கல்யாணப் பரிசு' வெளியாகி ஆறே மாதத்தில், 1959 அக்டோபர் 8-ஆம் தேதி, இருபத்தொன்பது வயதில் காலமாகிவிட்டார்.

படத்தின் முடிவில் கீதா இறந்து போகிறாள். வசந்திக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடக்கிறது. பாஸ்கர் வருகிறான். தன் குழந்தையை அவளிடம் பரிசாகக் கொடுக்கிறான். கொடுத்துவிட்டு நடந்து போகிறான்.