வீடா, சானடோரியமா?

"புள்ளியியல் எதுக்கு சார்?" பாலக்கரை மாடியறைக்கு ட்யூஷன் வரும் பிள்ளைகள் கேட்டால், சென்னைக் கதையைத்தான் சொல்வேன்.

காசநோய்க்காரருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்த காலம். காசநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் சானடோரியத்தில் படுக்கைக்குப் பஞ்சம். 1956இல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. அங்கே நடந்த ஆய்வில் எல்லோருக்கும் ஒரே மருந்துதான், 193 நோயாளிகளில் அதை வீட்டில் சாப்பிடுவது யார், சானடோரியத்தில் சாப்பிடுவது யார் என்பதை டாக்டர்கள் தீர்மானிக்கவில்லை, சீட்டுக் குலுக்குவது போன்ற சமவாய்ப்பு முறை தீர்மானித்தது. இல்லையென்றால் இரக்கப்பட்டு, நோய் முற்றியவர்களையே படுக்கைக்கு அனுப்பியிருப்பார்கள், ஒப்பீடே கெட்டிருக்கும்.

1959இல் முடிவு வெளியானது. இரு பக்கமும் குணம் ஏறத்தாழ ஒன்றுதான். வீட்டாருக்குத் தொற்றும் கூடவில்லை.

கதை முடிந்ததும் சீட்டுக் குலுக்கி, பிள்ளைகளை இரண்டாகப் பிரிப்பேன். நெட்டையும் குட்டையும் பெரும்பாலும் இரு பக்கமும் கலந்தே நிற்கும். அதற்குப்பின் அந்தக் கேள்வி வராது.